பிறந்த மாதத்தைச் சொல்லும் எண்

தோட்டத்து ஆபீசில் கழித்த பழைய கணினி பிள்ளைகளுக்குக் கிடைத்தால், எந்த இலவச இயங்குதளத்தைப் போடுவது? அதிலும் எந்தப் பதிப்பை?

1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். அதன்மேல் எழுந்த தளங்களுள் ஒன்று உபுண்டு. தொடங்கியவர் தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த். முதற்பதிப்பு 2004 அக்டோபரில் வந்தது, எண் 4.10. ஆண்டும் மாதமுமே எண். பிறந்த நாளைப் பெயரிலேயே சுமக்கும் பிள்ளை!

ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்பது வழக்கம். ஆனால் 2006 ஏப்ரலில் வரவேண்டியது வரவில்லை. பல ஆண்டுகள் உழைக்க வேண்டியது என்று, ஆறு வாரம் கூடுதலாகச் செப்பனிட்டு, ஜூனில் 6.06 என வெளியிட்டார்கள். அதுவே முதல் நீண்டகாலப் பராமரிப்புப் பதிப்பு. மேசைக் கணினிக்கு அன்று மூன்றாண்டுப் பராமரிப்பு. 2012இல் வந்த 12.04 முதல் ஐந்தாண்டு. இடையில் வருபவற்றுக்கோ, 2013 முதல் ஒன்பதே மாதம்.

இதை அறியாமல் நாங்களும் ஏமாந்தோம். புதியதுதானே நல்லது என்று 17.10ஐப் பள்ளிக் கணினியில் போட்டோம். 2018 ஜூலையில் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. மாணவர் எழுதிய கட்டுரைகளையெல்லாம் படியெடுத்து வைத்துக்கொண்டு, 18.04ஐ முதலிலிருந்து போட்டோம். பள்ளி விடுமுறை அதிலேயே கழிந்தது.

ஆகவே இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரல் பதிப்பைப் பாருங்கள், 22.04, 24.04 போன்றவை. நினைவகம் குறைந்த கணினிக்கு லுபுண்டு என்னும் இலேசான தம்பி உண்டு. அவனுடைய நீண்டகாலப் பதிப்புக்கு மூன்றாண்டுதான் பராமரிப்பு.