அயல்நகரில் அறை தேடிய மாணவர்

நம் காலனிப் பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேர் ஆண்டுதோறும் மேற்படிப்பின் பொருட்டுக் கடல் கடந்து செல்கின்றனர். அவர்தம் பெற்றோர் கல்லூரியைப் பற்றி விசாரிப்பதைக் காட்டிலும், "தங்க இடம் கிடைக்குமா? சாப்பாட்டுக்கு என்ன வழி?" என்றே மிகுதியும் விசாரிக்கின்றனர். நியாயமான கேள்விதான். ஊர் விட்டு ஊர் வந்து, குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை நண்பர் வீட்டு வராந்தாவில் படுத்தெழுந்த நமக்கு அதன் அருமை தெரியாதா? அக்கேள்வியை முன்னிட்டே ஒரு மாணவரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

1913-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பீமராவ் அம்பேத்கர் நியூயார்க் மாநகரில் வந்திறங்கினார். வயது 22. பரோடா மன்னர் சயாஜிராவ் கெயிக்வாட் மூன்றாண்டுகளுக்கு அளித்த உபகாரச் சம்பளம் மாதம் பதினொன்றரைப் பவுன். படிப்பு முடிந்தபின் பத்தாண்டுகள் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்ப்பதாக ஒப்பந்தமும் எழுதிக் கொடுத்திருந்தார். கொலம்பியா பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஹார்ட்லி ஹாலில் முதல் வாரம் கழிந்தது. அங்கே பரிமாறிய மாட்டிறைச்சி உணவு அவருக்கு ஒத்துக் கொள்ளவில்லை. இந்திய மாணவர் சிலர் வசித்த காஸ்மாபாலிடன் கிளப்பிற்கு மாறினார். பின்னர் லிவிங்ஸ்டன் ஹாலில் நவல் பதேனா என்ற பார்சி மாணவருடன் ஓர் அறையில் குடியேறினார். அக்கட்டடம் இன்று வாலாக் ஹால் என வழங்குகின்றது.

1910-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அந்நகரின் மக்கள் தொகை 47 லட்சத்திற்கு மேல். அவருள் பத்தில் நால்வர் பிறநாட்டில் பிறந்தவர். அத்தனை மொழிகள் ஒலிக்கும் நகரிலும் ஒருவன் தனித்து நிற்றல் கூடும். 1909-இல் ஹாரி எட்மண்ட்ஸ் என்பார் கொலம்பியா நூலகப் படிகளில் எதிர்ப்பட்ட சீன மாணவர் ஒருவருக்குக் காலை வணக்கம் கூறினார். தாம் அந்நகருக்கு வந்து மூன்று வாரங்களில் தம்மோடு முதன்முதலாகப் பேசியவர் அவரே என்றாராம் அம்மாணவர். எட்மண்ட்ஸ் அன்று தொடங்கிய முயற்சி, ராக்பெல்லரின் பொருளுதவியால், 1924-இல் இன்டர்நேஷனல் ஹவுஸ் என்னும் பெருவிடுதியாக எழுந்தது. பல நாட்டு மாணவரும் ஒரே மேசையில் உண்ணுவதற்கென்றே அமைந்த விடுதி அது.

அவ்விடுதி எழுமுன்னரே அம்பேத்கர் அந்நகரில் பயின்றார். ஆயினும் அவருக்கு நண்பரும் மேசையும் வாய்த்தன. உணவைச் சுருக்கி வீட்டிற்குப் பணம் அனுப்பினார். எஞ்சியதில் பழைய புத்தகங்கள் வாங்கினார். அவை ஏறத்தாழ 2,000 சேர்ந்தன என்பர். பொருளாதாரத்தில் மட்டும் 29 பாடங்கள் எடுத்துப் படித்தார். 1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916 மே திங்களில், இந்தியச் சாதிகளின் தோற்றத்தைப் பற்றி ஆய்வுரை படித்தார். நியூயார்க் சுவர்க்கம் என்று நாம் சொல்ல வரவில்லை. கறுப்பு மக்களுக்கு அந்நாடு இழைத்த கொடுமை சிறிதன்று. எனினும், தாம் தீண்டப்படாதவர் என்ற நினைவே அயல்நாட்டு வாசத்தில் மனத்திலிருந்து அகன்று போயிற்று என அவரே பின்னாளில் எழுதியுள்ளார்.

நியூயார்க்கிலிருந்து லண்டன் சென்று, உதவித்தொகைக் காலம் முடிந்தமையால், 1917-இல் தாயகம் திரும்பினார். ஒப்பந்தப்படி பரோடா ஸ்டேஷனில் வந்திறங்கிய அவருக்கு எழுந்த முதற் கேள்வி, எங்கே தங்குவது என்பதே! இந்து ஹோட்டல்கள் ஏற்கமாட்டா. பார்சி விடுதியொன்றில், பார்சிப் பெயர் ஒன்றைப் பதிவேட்டில் எழுதி, நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் வாடகையில் இடம் பெற்றார். மாடியில் அவர் ஒருவரே. மின்விளக்கில்லை; காவலாள் கொண்டு வைக்கும் அரிக்கேன் லாந்தரின் வெளிச்சம் சில அங்குலங்களுக்கு அப்பால் செல்லாது. பதினோராம் நாள் காலை, பார்சிகள் பன்னிருவர் தடிகளுடன் படியேறி வந்தனர். ஒரு வாரத் தவணை கேட்டார்; மாலைக்குள் காலி செய்ய வேண்டும் என்றனர். இரு நண்பரை நாடினார். ஒருவர் இந்து, மற்றவர் கிறிஸ்தவர். இருவர் வீட்டிலும் இடமில்லை.

பம்பாய் செல்லும் வண்டி இரவு ஒன்பது மணிக்குத்தான். இடைப்பட்ட ஐந்து மணி நேரத்தைக் காமாத்தி பாக் என்னும் பொதுத் தோட்டத்தில் கழித்தார். தமக்கு உபகாரச் சம்பளம் தந்த மன்னரின் பெயராலேயே சயாஜி பாக் என்றும் வழங்கும் தோட்டம் அது. கொலம்பியாவில் பயின்ற அறிஞருக்கு அவ்வூரில் அன்று கிடைத்த இருப்பிடம் அவ்வளவே.

இதைக் கொண்டு பார்சி சமூகத்தாரைப் பழிக்கத் துணியற்க. 1920-இல் அம்பேத்கர் மீண்டும் லண்டன் சென்று படிப்பைத் தொடர்ந்தார். அப்பயணத்திற்கு ரூ. 5,000 கடன் கொடுத்துதவியவர், லிவிங்ஸ்டன் ஹாலில் அவருடன் ஓர் அறையில் வசித்த அதே நவல் பதேனாதான்.