கூடத்தின் அடியில் ஓடும் கடல்

இரட்டை உடல் கொண்ட கேட்டமரான் பாய்ப்படகின் வசதி என்றதும், இரு உடல்களுக்கும் நடுவே அமைந்த கூடத்தின் அகலம்தான் பேச்சில் முதலில் வரும். அந்தக் கூடத்தின் அடிப்பலகைக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் இந்தப் படகின் வரலாறு, கூடம் வளர்ந்தபோதெல்லாம் அந்த இடைவெளிக்கு நெருக்கடி வந்த வரலாறுதான். 1955-56இல் ஆங்கிலேயப் படகு வடிவமைப்பாளர் ஜேம்ஸ் வார்ரமும் இரண்டு பெண்களும் ஏறத்தாழ 7 மீட்டர் நீள ‘டங்கரோவா’ கேட்டமரானில் அட்லாண்டிக்கைக் கடந்தபோது, படுக்கை ஒடுங்கிய இரு உடல்களுக்குள்ளேயே இருந்தது. பாலினீசியப் படகுகளைப் பின்பற்றிய வார்ரம், பின்னாளைய வடிவங்களிலும் நடுத்தளத்தை இடுக்கு விட்ட பலகைகளாகவே வைத்தார். அடியிலிருந்து எழும் நீர் இடுக்குகளில் பீறிட்டு வேகம் இழந்துவிடும்.

இங்கிலாந்தின் கேன்வி தீவில் படகு கட்டிய பிரவுட் சகோதரர்கள் வேறு வழியில் போனார்கள். அவர்களுடைய ஸ்னோகூஸ் வகைப் படகுகளில் நடுவே மூடிய கூடம் இருந்தது; குடும்பமே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனால் நிமிர்ந்து நிற்க ஆளுயரத்துக்கு மேல் இடம் வேண்டும். தரையைத் தூக்கினால் கூரையும் ஏறும், காற்று பிடிக்கும், பாரம் மேலே போகும். தரையைத் தாழ்த்தினால், இரு உடல்களும் கிளப்பும் அலைகள் நடுவில் மோதி எழுந்து அடிப்பலகையைச் சம்மட்டிபோல் அறையும். மேசைக் கோப்பை துள்ளும், தூங்குபவர் விழித்துக்கொள்வார்.

1980களிலிருந்து லகூன் போன்ற பிரெஞ்சு நிறுவனங்களின் பெரிய கூடம் கொண்ட படகுகள் வாடகைச் சந்தையில் பெருகின. அவை பெரும்பாலும் நங்கூரமிட்டு நிற்பவைதானே, கூடம் பெரிதாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தாழ்ந்த தளத்தின் அடியில் சிற்றலைகூட இரவெல்லாம் தட்டிக்கொண்டிருக்கும். நீளமான படகில் இடைவெளி தானாகவே கூடும் என்பது இன்னொரு வாதம். அதுவும் உண்மைதான், நீர்க்கோட்டு நீளத்தில் 6 விழுக்காடாவது இருக்கட்டும் என்ற கணக்கும் புழக்கத்தில் உண்டு. 12 மீட்டருக்கு அது 72 சென்டிமீட்டர். ஆனால் அத்தகைய படகை ஒரு சென்டிமீட்டர் அமிழ்த்த ஏறத்தாழ 200 கிலோ போதும். ஜெனரேட்டர், தண்ணீர், டீசல், குளிர்பெட்டி என்று 2 டன் ஏறினால் 10 சென்டிமீட்டர் போய்விடும். அந்தப் பாரத்தை ஏற்றச் சொல்வதும் பெரிய கூடம்தான். ஆகவே இடைவெளி குறைந்ததற்கு வடிவமைப்பாளரின் அறியாமையைக் காரணம் சொல்ல முடியாது. துறைமுகத்தில் கண்ணுக்குத் தெரியும் வசதிக்கு வாங்குபவர் பணம் தருகிறார். கடலில் மட்டுமே உணரக்கூடிய வசதிக்கு விலைப்பட்டியலில் இடமில்லை. வெறும் படகில் அளந்த உயரத்தை விட்டு, முழுப் பாரத்தில் எஞ்சும் உயரத்தைக் கேட்கத் தொடங்கினால்தான் இந்தக் கணக்கு மாறும்.