பளபளக்கும் ரிவால்வரும் தேய்ந்த பிஸ்டலும்

அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில் பழைய சரக்கு வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டியில் பெரும்பாலும் இரண்டு வகை கிடக்கும். ஒன்று, 1950களில் பிறந்த ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 19 ரிவால்வர். மற்றொன்று, 1982இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்ட கிளாக் 17 பிஸ்டல். நீலம் மின்னும் எஃகும் மரப்பிடியுமாக ரிவால்வர் கண்ணைப் பறிக்கும். காவலர் இடுப்பு உறையில் பல ஆண்டு உரசிய கிளாக்கோ விளிம்பெல்லாம் வெளுத்திருக்கும். வாங்குபவர் ஏமாறுவது இங்கேதான்.

எதை எடுத்தாலும் முதலில் தோட்டா இல்லையென்று உறுதிசெய்ய வேண்டும். ரிவால்வரின் சிலிண்டரை வெளியே தள்ளினால் ஆறு அறைகளும் ஒரே பார்வையில் தெரியும். பிஸ்டலில் அப்படியில்லை. மேகசினைக் கழற்றிய பிறகும் குழலுக்குள் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். ஸ்லைடைப் பின்னிழுத்து நிறுத்தி, கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். கிளாக்கைப் பிரிப்பதற்கே டிரிகரை அழுத்தியாக வேண்டும் என்பதால் இதில் அசட்டை கூடவே கூடாது.

ரிவால்வரின் நோய் உள்ளே இருக்கும். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஹாமரை மெல்ல இழுங்கள்; அது முழுதாகப் பின்னால் போய் நிற்பதற்குள் சிலிண்டர் தன் இடத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும். ஓர் அறைக்குச் சரியாக இருந்தால் போதாது, ஆறுக்கும் பாருங்கள். பிந்திப் பூட்டினால், குண்டு குழலுக்கு நேராக நிற்காமல் வெடிக்கும் அபாயம் உண்டு. சிலிண்டரை முன்னும் பின்னும் அசைத்தால் ஆட்டம் தெரியக்கூடாது. சினிமாவில் போல மணிக்கட்டை உதறி மூடியவர் கையில் இருந்த ரிவால்வர் என்றால், சிலிண்டரைத் தாங்கும் பகுதி வளைந்திருக்கலாம்.

மாடல் 19இல் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் குழலின் பின்வாய். சிலிண்டருக்கு இடம்விட அதன் அடிப்பகுதியைச் சீவி மெல்லியதாக்கியிருக்கிறார்கள். எடை குறைந்த, வேகம் மிகுந்த .357 மேக்னம் தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டால் சரியாக அங்கேதான் விரிசல் விழும். விழுந்தால் குழலையே மாற்ற வேண்டும். மாற்றுக் குழல் எளிதில் கிடைப்பதில்லை. சிறு விளக்கில்லாமல் இந்த ரிவால்வரைப் பார்க்கப் போகாதீர்கள்.

கிளாக்கில் வெளித் தேய்மானத்துக்கு மதிப்பில்லை. காவலர் பிஸ்டல் பலவும் சுமந்தது அதிகம், சுட்டது குறைவு. காலித் துப்பாக்கியின் டிரிகரை அழுத்திப் பிடித்தபடி, வாய் மேல்நோக்கியிருக்க, ஸ்லைடை இழுத்து மெதுவாக விடுங்கள். முழுதும் மூடாமல் நின்றால் ஸ்பிரிங் ஓய்ந்துவிட்டது. அது சொற்ப விலையில் மாற்றக்கூடிய உறுப்பு. மேகசினும் அப்படியே. குழலுக்குள் வளையமாக இருண்ட நிழல் தெரிந்தால் மட்டும் குழல் புடைத்திருக்கிறது என்று பொருள். அது எந்தத் துப்பாக்கியானாலும் வேண்டாம்.

வரிசை எண் அழிக்கப்பட்டதைத் தொடவே தொடாதீர்கள். அதை வைத்திருப்பதே அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி குற்றம்.

பழக்கமில்லாதவருக்கு என் தீர்ப்பு, அழகில்லாத கிளாக்தான். மாடல் 19 மேல் மனம் போனால், துப்பாக்கி பழுதுபார்க்கும் கைவினைஞர் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். சோதிக்க விடாத விற்பனையாளரிடம் எதையும் வாங்காதீர்கள்.