இரண்டு றிக்ஸ்டொலர் பெண்பிள்ளைகள்

பதிவு கொஞ்சம் நீளம். தேத்தண்ணியோடு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

மருதனார்மடத்தில் இருப்பவர்களுக்குப் பெண்கல்வியின் பெருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் தொடங்கிய மகளிர் கல்லூரி இங்கேயே இருக்கிறது. பக்கத்து உடுவிலில், அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியட் வின்ஸ்லோ 1824இல் தொடங்கிய பாடசாலை இருநூறு வயதைத் தாண்டிவிட்டது. அங்கே ஏறத்தாழ நாற்பது வருடம் பொறுப்பாக இருந்த எலைசா அக்னியூவை ‘ஆயிரம் மகள்மாரின் தாய்’ என்பார்கள். இதையெல்லாம் நாங்களும் வகுப்பில் சொல்லித்தான் வருகிறோம். ஆனால் எங்கள் கதை எப்போதும் 1824இல்தான் தொடங்குகிறது. மூன்று வருடம் பின்னே போனால் வேறொரு கடதாசி இருக்கிறது.

1821ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க ஒழுங்குவிதி. யாழ்ப்பாணத்தில் அடிமைகளாக இருந்த தாய்மாருக்கு அந்த வருடம் ஏப்ரல் 24 முதல் பிறக்கும் பெண்குழந்தைகளை அரசாங்கமே விலை கொடுத்து விடுவிக்கும் என்று ஆங்கிலேயர் அறிவித்தார்கள். கோவியர் வீட்டுக் குழந்தைக்கு 3 றிக்ஸ்டொலர். நளவர், பள்ளர் வீட்டுக் குழந்தைக்கு 2 றிக்ஸ்டொலர். (ஆவணத்தில் உள்ள பெயர்களை அப்படியே எழுதுகிறோம், மனம் நோக அல்ல.) காசு தாய்க்கு அல்ல, அவளை வைத்திருந்த உடைமைக்காரனுக்கு. தாய் அடிமையாகவே இருந்தாள்.

ஏன் பெண்குழந்தைகளை மட்டும்? காரணம் நம்முடைய தேசவழமையிலேயே இருக்கிறது. காணி, சீதன வழக்குகளில் இன்றும் நீதிமன்றத்தில் பேசப்படுகிற அதே தேசவழமைதான். 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்டபோது அதில் அடிமைகளுக்கென்று தனிப் பகுதி இருந்தது. அடிமைப் பெண் பெற்ற பிள்ளை அவளுடைய உடைமைக்காரனுக்கே சொந்தம். தகப்பன் யாரென்பது கணக்கில் இல்லை. அதாவது அடிமைத்தனம் கருப்பை வழியாகப் போனது. ஆகவே பெண்குழந்தைகளை விடுவித்தால் அடுத்த தலைமுறையில் அது தானாக அற்றுப்போகும், செலவும் குறைவு என்று கணக்குப் போட்டார்கள். ஒரே வீட்டில் பிறந்த அக்கா சுதந்திரமானவள், தம்பி அடிமை. 1844இல் இலங்கையில் அடிமைமுறை முற்றாக ஒழிக்கப்படும் வரை இதுதான் நிலைமை.

இதே சட்டத்தைக் கடலுக்கு அப்பாலும் காணலாம். அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் 1662இலேயே பிள்ளையின் நிலை தாயின் நிலைப்படி என்று எழுதிவைத்தார்கள். ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட கறுப்பினப் பெண்களின் வயிறு அந்த ஒரு வரியால் எசமானின் சொத்தாகியது. நம் இரண்டு றிக்ஸ்டொலர் பிள்ளைகள் தவழ்ந்துகொண்டிருந்த 1822ஆம் ஆண்டளவில் அதே நாட்டில் அடிமையாகப் பிறந்தவர்தான் ஹரியட் டப்மன். 1849இல் தப்பி ஓடி, பிறகு திரும்பத் திரும்பப் போய் மற்றவர்களையும் அழைத்து வந்தவர். வின்ஸ்லோ அம்மையாரின் பெயரும் ஹரியட், அவரும் அமெரிக்கர். அவர் உடுவிலில் பள்ளி நடத்தியபோது அவருடைய நாட்டில் அடிமைச் சந்தை நடந்துகொண்டிருந்தது. 1865இல்தான் அங்கே அது சட்டப்படி முடிந்தது.

சரி, 1821க்குப் பின் விடுவிக்கப்பட்ட பிள்ளைகள் பாடசாலை போனார்களா? பெரும்பாலும் இல்லை. படித்த பெண்ணை யார் கட்டுவார்கள் என்று பயந்த பெற்றோரை இணங்கவைக்க மிஷன் சீதனம்கூடக் கொடுத்தது. ஆனால் அந்த அழைப்புப் போன வீடுகள் பெரும்பாலும் உயர்ந்த சாதியென்று சொல்லிக்கொண்ட வீடுகள். நூறு வருடம் கழித்து, 1930 அளவில், ஒரே வாங்கில் எல்லாப் பிள்ளைகளையும் இருத்தச் சொன்ன சம ஆசனத்துக்கு எதிராகப் பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்தவர்கள் நம் குடாநாட்டில் இருந்தார்கள்.

இராமநாதனின் கதையிலும் ஒரு முடிச்சு உண்டு. பெண்பிள்ளைகளுக்குக் கல்லூரி கட்டிய அதே மனிதர், டொனமூர் ஆணைக்குழு பரிந்துரைத்த சர்வசன வாக்குரிமையைக் கடுமையாக எதிர்த்தார். பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் வாக்கு வேண்டாம் என்பது அவர் நிலை. 1930இல் அவர் காலமானார். அடுத்த வருடமே 21 வயதுப் பெண்கள் எல்லோருக்கும் வாக்குக் கிடைத்தது. கல்லூரிக்கு நன்றி சொல்வோம். இதையும் சேர்த்தே படிப்பிப்போம். சிலைக்கு மாலை போடுவது வேறு, சரித்திரம் படிப்பிப்பது வேறு.

1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி சாதிக்கு எதிரான ஊர்வலம் போனது. பொலிஸ் அடித்தது. பிறகும் போனார்கள். அதற்குப் பின்தான் தேநீர்க்கடைகளும் கோயில்களும் ஒவ்வொன்றாகத் திறந்தன.

இனி எங்கள் பக்கம். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களாகிய நாங்கள் வெளியேற்றப்பட்டு, பெரும்பாலானோர் புத்தளத்தில் ஒதுங்கினோம். அங்கே சிரம்பையடியில் ஆபிரிக்க வழிவந்த சிறு சமூகம் வாழ்கிறது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அடிமைகளாகவும் சிப்பாய்களாகவும் கொண்டுவந்தவர்களின் பிள்ளைகள். மாஞ்சா பாடுவதில் அவர்களின் பெண்கள் பெயர்பெற்றவர்கள். அவர்களை ஊர் அழைக்கும் சொல் காப்பிரி. நம் வாயில் காப்பிலி. அரபியின் ‘காபிர்’ போர்த்துக்கேயர் வாய்வழி திரிந்து வந்த சொல் அது. இந்து சமுத்திரத்தில் ஆபிரிக்கரை விற்றவர்களில் அரபு வணிகரும் உண்டு, மறைக்க முடியாது. நபி (ஸல்) அவர்களை வளர்த்த உம்மு அய்மன் (ரலி) அபிசீனியப் பெண், அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். அவரைத் தம் தாய்க்கு அடுத்த தாய் என்று போற்றியவரின் உம்மத்தில் இருந்துகொண்டு, கறுத்த பிள்ளையைக் காப்பிலி என்று எப்படிக் கூப்பிடுகிறோம்? ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள நம் வீடுகளிலும் இந்தச் சொல் ஓயவில்லை.

வகுப்பறையில் மூன்று வகைச் சொற்கள் காதில் விழுகின்றன. நிறத்தைச் சொல்லும் சொல், சாதியைச் சொல்லும் சொல், நடை கொஞ்சம் வேறாக இருக்கும் பையனைப் பார்த்து ‘ஒன்பது’ என்னும் சொல். மூன்றாவதைப் பேசினால் சிலர் முகம் சுளிப்பீர்கள், தெரியும். மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நாங்கள் ஆலிம்கள் அல்ல, ஆசிரியர்கள். அந்தப் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்கும் தண்டனைச் சட்டத்தின் 365, 365அ பிரிவுகள் 1883இன் ஆங்கிலேயர் சட்டத்திலிருந்து வந்தவை. 1995இல் பெண்களையும் அதற்குள் இழுத்தோம். அவற்றை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் 2023இல் சொல்லிவிட்டது. சட்டம் மாறும்வரை ஒரு பிள்ளை இடைவேளையில் மலசலகூடத்துக்குப் போகப் பயந்து அடக்கிக்கொண்டு இருக்க வேண்டுமா?

வரும் தவணையில் 1821 ஒழுங்குவிதியை உடுவில் பாடத்தோடு சேர்த்துப் படிப்பிக்க இருக்கிறோம். அதற்கு உங்கள் உதவி வேண்டும். நிலத்தில் தனியாக இருத்தப்பட்டுப் படித்த, அல்லது வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட அம்மம்மா, அப்பம்மா, உம்மம்மா உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதி உள்பெட்டியில் அனுப்புங்கள். குரல் பதிவாகவும் அனுப்பலாம். பெயர் வேண்டாம் என்றால் போடமாட்டோம். எந்த ஊர், எந்த வருடம் என்பதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.