தொண்டைமானாற்றுக் கதவும் எங்கட கிணறும்

தொண்டைமானாறு உண்மையில ஆறில்லை. வடமராட்சிக் கடல்நீரேரி கடலோட சேருற வாய். கருணாகரத் தொண்டைமான் உப்பேற்ற வெட்டுவிச்சதெண்டு ஊர்க்கதை.

கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்க கதவுகளோட தடுப்பணை வந்தது. கடலை மறிச்சு மழைநீரைத் தேக்கினால் ஏரி நன்னீராகும், கிணறுகளின்ர உவர் குறையும் என்பதே நோக்கம். பொறியியலாளர் ஆறுமுகத்தின் 1954ஆம் ஆண்டு ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டமும் இந்த எண்ணத்தில்தான் நின்றது.

எல்லாரும் உப்பைத்தான் எதிரியாகப் பார்த்தோம். மலக்குழியைப் பார்க்கேல்லை. எங்கட நிலம் வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல். அடி மூடாத குழியில் விடுறது சரியாக வடிபடாமலே நிலத்தடி நீரில சேரும். அங்கயிருந்து ஏரிக்கும் கசியும். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனத்தின் 50 மில்லிகிராம் வரம்பைத் தாண்டியிருக்கு. உரமும் காரணம், குழியும் காரணம்.

சின்ன ஊருக்குப் பெரிய ஆலை வேண்டாம். அடி மூடின தொட்டியும், கழிவுநீரை வடிக்க ஒரு நாணல் படுக்கையும் நல்ல தொடக்கம்.

உங்கட வீட்டில குழிக்கும் கிணத்துக்கும் இடையில எத்தனை அடி? ஒருக்கா அளந்து பாருங்கோ.