செய்தவர்கள் வேண்டாமென்ற நாதம்

சங்கீதக் கருவிகளின் சரித்திரத்தை அவற்றைச் செய்தவர்களின் சரித்திரமாக எழுதுவதே வழக்கமாகிவிட்டது. எந்த ஒலி வேண்டுமென்று செய்தவனுக்குத் தெரியும், வாசிப்பவன் அதைத் தேடிக் கண்டடைகிறான் என்ற நம்பிக்கை இந்த வழக்கத்துக்கு அடியில் இருக்கிறது. ஹம்மண்ட் ஆர்கனிடமும் அதோடு பிரிக்க முடியாமல் சேர்ந்துவிட்ட லெஸ்லி ஸ்பீக்கரிடமும் இந்த நம்பிக்கை செல்லுபடியாவதில்லை. இந்த ஜோடியின் நல்ல நாதம் என்று இன்று ரசிகர்கள் எதையெல்லாம் சொல்கிறார்களோ, அதில் பாதிக்குமேல் யாரோ ஒரு எஞ்சினீயர் குறையென்று கருதி ஒழிக்கப் பார்த்தது.

லாரன்ஸ் ஹம்மண்ட் சங்கீதக்காரரல்ல. ஆர்கன் வாசிக்கத் தெரியாதவர். சிகாகோவில் மின்சாரக் கடிகாரங்கள் செய்து விற்றவர். மின்சாரத்தின் அலைவோடு கூடவே ஓடி, ஒரு வினாடியும் பிசகாத மோட்டார் அவரிடமிருந்தது. அதன் அச்சோடு பல் வெட்டிய சிறு சக்கரங்களைப் பிணைத்து, ஒவ்வொரு சக்கரத்தின் எதிரிலும் கம்பி சுற்றிய காந்தமொன்றை வைத்தார். பல் கடக்கும்போதெல்லாம் கம்பியில் மின்னோட்டம் துடிக்கிறது. அந்தத் துடிப்புதான் ஸ்வரம். 1934-ல் பேடண்ட் கிடைத்தது. 1935-ல் ஆர்கன் விற்பனைக்கு வந்தது. மூலஸ்வரத்தோடு எந்தெந்த மேல்ஸ்வரம் எவ்வளவு கலக்கலாம் என்பதை ஒன்பது இழுப்புக் கட்டைகள் தீர்மானித்தன. குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத மாதா கோயில்கள்தாம் முக்கியமான வாடிக்கை.

குழாய் ஆர்கன் செய்பவர்கள் சும்மா இருக்கவில்லை. புகார் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷனுக்குப் போயிற்று. 1937-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராக்கஃபெல்லர் சேப்பலில் இரண்டு ஆர்கன்களையும் மறைவிலிருந்து வாசித்து, எது எதுவென்று சொல்லச் சொன்னார்கள். கேட்டவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தடவை தவறாகச் சொன்னார்கள். இருந்தும் 1938-ல் கமிஷன், குழாய் ஆர்கனுக்குச் சமமென்று விளம்பரம் செய்யக் கூடாதென்று உத்தரவிட்டது. இந்த வழக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது தீர்ப்பல்ல. வாதிக்கும் பிரதிவாதிக்கும் நடுவில் ஒரே கேள்விதான் இருந்தது: இது அதைப் போல இருக்கிறதா? இதற்கென்று ஒரு குரல் இருக்கக்கூடும் என்ற நினைப்பு இரு தரப்பிலும் இல்லை.

டொனால்ட் லெஸ்லிக்கும் இல்லை என்பதுதான் வேடிக்கை. தெற்குக் கலிஃபோர்னியாவில் ரேடியோ பழுது பார்க்கும் வேலையிலிருந்த அவர், 1937-ல் ஒரு பெரிய கடையின் விசாலத்தில் ஹம்மண்டைக் கேட்டு மயங்கி, ஒன்றை வாங்கி வீட்டில் வைத்தார். சிறிய அறையில் அது உயிரற்று ஒலித்தது. குழாய் ஆர்கனில் ஒவ்வொரு ஸ்வரமும் ஒவ்வொரு குழாயிலிருந்து, அதாவது ஒவ்வொரு இடத்திலிருந்து வருகிறது. ஹம்மண்டில் எல்லாம் ஒரே பெட்டியின் ஒரே வாயிலிருந்து, அசையாமல் வருகிறது. கடிகாரக்காரரின் பெருமையாக இருந்த அந்தப் பிசகாமைதான் காதுக்கு நோயாக இருந்தது. லெஸ்லி ஒலி வரும் வாயையே சுழல விட்டார்.

லெஸ்லி பெட்டிக்குள் நடப்பது எளிமையானது. மேல்ஸ்தாயி ஒலி ஒரு குழலின் வழியாக வெளிவருகிறது, குழல் சுற்றுகிறது. பார்ப்பதற்கு இரண்டு குழல்கள். ஒன்றில்தான் ஒலி, மற்றது எடை சமன் செய்ய வைத்த ஊமை. கீழே பதினைந்து அங்குல ஸ்பீக்கரொன்று தரையைப் பார்த்து முழங்க, அதனடியில் ஒரு பக்கம் சரிவாகக் குடைந்த மர உருளை சுழன்று கீழ்ஸ்தாயியைச் சுற்றிலும் வீசுகிறது. குழல் நம்மை நோக்கி வரும்போது சுருதி ஒரு மயிரிழை ஏறுகிறது, விலகும்போது இறங்குகிறது. டாப்ளர் 1842-ல் சொன்ன தத்துவம்தான் இது. 1845-ல் ஹாலந்தில் எக்காளக்காரர்களை ரயிலில் ஏற்றி ஊதச் சொல்லிச் சோதித்தார்களே, அதே விஷயம், இங்கே மரப்பெட்டிக்குள். ஆனால் சுருதி மட்டும் அசைவதில்லை. உரப்பும் அசைகிறது, ஒலியின் நிறமும் அசைகிறது; ஒவ்வொரு சுற்றிலும் ஒலி வெவ்வேறு சுவரில் பட்டுத் திரும்புகிறது. லெஸ்லிக்கு அறையும் கருவியின் பகுதி. அதனால்தான் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தவன் பாதி நாதத்தை இழக்கிறான். ஒலிப்பதிவுக் கூடங்களில் குழலுக்கு இரண்டு மைக்கும் உருளைக்கு ஒன்றும் வைப்பதும் இதனால்தான்.

தன் கண்டுபிடிப்பை லெஸ்லி ஹம்மண்ட் கம்பெனியிடம் கொண்டுபோனார். வேண்டாமென்றார்கள். 1941-ல் தானே பாஸடினாவில் தயாரிக்கத் தொடங்கினார். கம்பெனி தன் ஆர்கனின் இணைப்பு முறையையே மாற்றி அவரைத் தடுக்கப் பார்த்தது. அவர் அதற்கும் வழி கண்டார். விளம்பரமும் செய்யவில்லை. வாசிப்பவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

யார் அந்த வாசிப்பவர்கள் என்பதில்தான் இந்தச் சரித்திரம் திசை மாறுகிறது. 1939-லேயே சிகாகோவின் ஃபர்ஸ்ட் சர்ச் ஆஃப் டெலிவரன்ஸில் கென்னத் மாரிஸ் ஹம்மண்டை வாசிக்கத் தொடங்கியிருந்தார். கறுப்பர்களின் கோயில்களுக்கு அது குழாய் ஆர்கனைப் போல ஒலிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பிரசங்கிக்கு பதில் சொல்ல வேண்டும், சபையோடு கூவ வேண்டும், விம்ம வேண்டும். லெஸ்லி வந்து சேர்ந்ததும் அந்த விம்மலுக்கு ஒரு தொண்டை கிடைத்தது. பிறகு ஜாஸ். ஜிம்மி ஸ்மித் பிலடெல்ஃபியாவில் ஒரு கிடங்கில் ஆர்கனை வைத்துத் தனியாகச் சாதகம் செய்து, 1956-ல் ப்ளூ நோட் இசைத்தட்டுகளுக்கு வந்தார். ஒன்பது இழுப்புக் கட்டைகளில் முதல் மூன்றை மட்டும் முழுக்க இழுத்து மற்றவற்றை உள்ளே தள்ளியது அவருடைய பிரசித்தமான அமைப்பு. நிறையக் கலந்தால் நிறைய நாதம் வரும் என்பது ஆரம்பக்காரர்களின் மயக்கம்.

ஒரு கட்டையை அமுக்கினால் ஒன்பது தொடுமுனைகள் ஒரே நொடியில் சேர்வதில்லை. சேரும்போது ‘டக்’கென்று ஒரு சொடக்கு எழுகிறது. கம்பெனி எஞ்சினீயர்கள் அதைக் குறையென்று அடக்க முயன்றார்கள். ஜாஸ் விரல்களுக்கோ அதுதான் சொல்லின் முதல் மெய்யெழுத்து. அது போனால் வாசிப்பு குழறும். பக்கத்துச் சக்கரத்தின் ஒலி கசிவதும் அப்படியே. லெஸ்லியின் நாற்பது வாட் வால்வு ஆம்ப்ளிஃபயர் தாங்கமாட்டாமல் கரகரப்பதும் அப்படியே. லெஸ்லியுமேகூட எதிர்பார்த்திராத ஒன்று, 1960-களில் மெதுவான வேகமும் சேர்ந்தபின் வெளிப்பட்டது. மெதுவில் நிமிடத்துக்கு நாற்பது சுற்றுக்குச் சற்று மேல், வேகத்தில் ஏறக்குறைய நானூறு. லேசான குழல் சுமார் ஒரு வினாடியில் வேகம் பிடித்துவிடும். கனத்த உருளைக்குப் பல வினாடிகள் வேண்டும். அந்த இடைவெளியில் மேலும் கீழும் வெவ்வேறு காலத்தில் ஓட, ஒலி உடைந்து திறக்கிறது. லெஸ்லியின் முழு அழகும் இந்த மாற்றத்தில்தான் என்பேன். வேகத்திலேயே விட்டுவைப்பவனிடம் கேட்பது ஸ்கேட்டிங் மைதானத்துச் சங்கீதம். தேர்ந்தவன் மெதுவில் வைத்துக் காத்திருந்து, வாக்கியம் முடியும் இடத்தில் விசையைத் தட்டுகிறான்.

நம்மவர்கள் உடனே கமகம் என்பார்கள். அது சரியில்லை. கமகம் ஒவ்வொரு ஸ்வரத்திலும் வித்வானின் தீர்மானம். இங்கே அசைவு யந்திரத்தினுடையது; எப்போது என்பது மட்டுமே வாசிப்பவன் கையில்.

பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 1966-ல் பீட்டில்ஸ் ஜான் லெனனின் குரலையே லெஸ்லிக்குள் செலுத்திப் பதிவு செய்தார்கள். டீப் பர்ப்பிளின் ஜான் லார்ட் ஹம்மண்டை கிதார்க்காரர்களின் மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, சுழற்சிக்கு வெளியேயும் ஒரு வழி உண்டென்று காட்டினார். லெஸ்லி 1965-ல் தன் கம்பெனியை ஸி.பி.எஸ்.ஸுக்கு விற்றார். லாரன்ஸ் ஹம்மண்ட் 1973-ல் காலமானார். 1970-களின் நடுவில் சக்கர ஆர்கன்களின் தயாரிப்பு நின்றது. 1980-ல் ஹம்மண்ட் கம்பெனி லெஸ்லியை ஸி.பி.எஸ்.ஸிடமிருந்து விலைக்கு வாங்கியது. நாற்பது வருஷம் தாமதம்.

இன்று இந்த நாதத்தைக் கணக்குகளால் உண்டாக்கும் டிஜிட்டல் ஆர்கன்கள் வந்துவிட்டன. அவற்றின் அமைப்புப் பட்டியலைத் திறந்தால் சொடக்கு எவ்வளவு, கசிவு எவ்வளவு, உருளை வேகம் பிடிக்க எத்தனை நேரம் என்று தனித்தனியாகக் கேட்கிறது. எல்லாவற்றையும் பூஜ்யத்தில் நிறுத்தினால் 1935-ல் ஹம்மண்ட் செய்ய விரும்பிய ஆர்கன் ஏறத்தாழக் கிடைக்கும். அப்படி நிறுத்தி வாசிப்பவர்கள் அபூர்வம்.