யோசப் வாஸ் அடிகளின் பயணங்களும் கடிதங்களும்: காலவரிசை

யோசப் வாஸ் (21.4.1651 – 16.1.1711): கத்தோலிக்கர் ‘இலங்கையின் அப்போஸ்தலர்’ எனப் போற்றும் கோவா நாட்டுக் குரு. ஒல்லாந்தர் ஆட்சியில் குருக்களின்றித் தவித்த இலங்கைத் திருச்சபைக்கு மீண்டும் உயிரூட்டியவர். கண்டியைத் தளமாகக் கொண்டு உழைத்து அங்கேயே காலமானார்.

புனித பவுலின் கடிதங்களில் தேதி கிடையாது. டெல்பியில் கிடைத்த கல்வெட்டு கல்லியோவின் ஆளுநர் காலத்தைக் காட்டுவதால், பவுல் கொரிந்துவில் இருந்தது ஏறத்தாழ கி.பி. 51 என்று கணிக்கிறார்கள். வாஸ் அடிகளின் காலவரிசையைக் கணிக்க இவ்வளவு சிரமம் வேண்டியதில்லை. கோவாவிலிருந்த தம் சபைத் தலைவருக்கு அவர் எழுதிய கடிதங்களும், செபஸ்தியாவோ தோ ரேகோ எழுதி 1745இல் லிஸ்பனில் அச்சான வாழ்க்கை வரலாறும் உள்ளன. இரண்டும் முரண்படும் இடங்களில் கடிதத்தை நம்புவதே முறை. ரேகோ பக்தர், அதிசயங்களில் மனம் லயிப்பவர்.

கோவாவின் பெனாவ்லிமில் பிறந்த வாஸ், 1676இல் குருவானார். மறு ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள், தம்மை மாதாவின் நிரந்தர அடிமையாக ஒப்புக்கொடுத்து ஒரு சாசனம் எழுதினார். அவர் எழுத்துகளில் அதிகம் பேசப்படுவது இதுவே. 1681 முதல் 1684 வரை கன்னட நாட்டில் பணிபுரிந்து, 1685 செப்டம்பரில் பழைய கோவாவின் ஒரட்டோரியன் சபையில் சேர்ந்தார்.

இலங்கையில் கத்தோலிக்கக் குருவுக்குப் புகலிடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று ஒல்லாந்தர் 1658இலேயே பறை சாற்றியிருந்தனர். 1686இல் யோன் என்ற பணியாளுடன் புறப்பட்ட வாஸ், மலையாளக் கரை வழியாகத் தூத்துக்குடிக்கு வந்து தோணி ஏறினார். புயலில் அலைக்கழிந்த தோணி மன்னாரில் ஒதுங்கியது. யாழ்ப்பாணம் சேர்ந்தது 1687இல். வயிற்றுளைச்சலில் நலிந்து, கந்தல் உடுத்து, கழுத்தில் செபமாலையுடன் வீடு வீடாகப் பிச்சை கேட்டார். மாலையைக் கண்டு முகம் மாறுபவர் யாரென்று பார்த்துத்தான் கத்தோலிக்கரை அடையாளம் கண்டுகொண்டார். சில்லாலைக் கிராமம் அவரை மறைத்து வைத்துக் காத்தது. 1689 நத்தாரின்போது ஒல்லாந்தர் நடத்திய கைதுகளுக்குப் பின் யாழ்ப்பாணத்தில் இருக்க முடியவில்லை. 1690இல் புத்தளம் போனார்.

புத்தளம் அப்போது கண்டி மன்னனின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. ஒல்லாந்தரின் கட்டளை அங்கே செல்லவில்லை. அந்தத் துணிவில் 1692இல் கண்டிக்குப் புறப்பட்டவரைப் போர்த்துக்கேய ஒற்றன் என்று கல்வினியர் கோள்மூட்டினர். இரண்டாம் விமலதர்மசூரியன் அவரையும் வேறு இரு கத்தோலிக்கரையும் சிறை வைத்தான். தப்பி ஓடாதவரை காவலர் தொந்தரவு செய்யவில்லை. அவர் சிங்களம் கற்றதும், ஓலைக் குடிசையில் கோயில் அமைத்ததும் அந்தச் சிறையிலேதான். மழை பொய்த்த 1696இல் வாஸ் சதுக்கத்தில் பீடம் அமைத்து மன்றாட மழை கொட்டியது என்பதும், பீடம் மட்டும் நனையவில்லை என்பதும் திருச்சபை மரபு. அதன்பின் நாடெங்கும் போதிக்க மன்னன் அனுமதி தந்தான்.

1697இல் கோவாவிலிருந்து துணைக்குருக்கள் வந்தனர். கொச்சி ஆயர் வாஸைக் குருமுதல்வராக நியமித்த செய்தியும் அவர்களோடு வந்தது. அவ்வாண்டே கண்டியில் அம்மை பரவியது. நோயாளிகளை உறவினரே கைவிட்டபோது வாஸ் அவர்களுக்குக் கஞ்சி கொடுத்தார், இறந்தவரை அடக்கம் செய்தார். மன்னனின் மனத்தை முழுமையாக வென்றது மழையல்ல, இந்தத் தொண்டே. 1705இல் யாக்கோமே கொன்சால்வெஸ் உள்ளிட்டோர் வந்தபின் இலங்கை எட்டு மறைப்பணிப் பிரிவுகளாக வகுக்கப்பட்டது. 1707இல் முடிசூடிய வீர நரேந்திரசிங்கனும் ஆதரவு காட்டினான். 1710இல் இறுதிப் பயணம் முடித்துத் திரும்பி நோயுற்று, 16.1.1711 அன்று கண்டியில் மறைந்தார்.

21.1.1995இல் இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு முத்திப்பேறு பட்டமும், 14.1.2015இல் பிரான்சிஸ் புனிதர் பட்டமும் வழங்கினர். இரண்டும் கொழும்பு காலிமுகத்திடலில் நடந்தன. திருவிழா சனவரி 16.